கற்றுக் கொடுத்தால் பிழைப்பானா?

சாலைப் பாதுகாப்பு வாரம் என்று ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு வாரம் வருகிறது. அந்த வாரத்தில் கதை எழுதுகிறவனுக்குக்கூடச் சற்று கிராக்கி உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். நிதானம் வேண்டும், தலைக்கவசம் வேண்டும், வேகம் கூடாது என்று எல்லாரும் சொல்வதையே இரண்டு குட்டிக் கதைகளைச் சேர்த்துச் சொன்னேன். பையன்கள் கை தட்டினார்கள். பிறகு எழுந்து நின்று, வலக்கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக் கொண்டார்கள். கூட்டம் இனிதே முடிந்தது என்று நான் நினைத்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், இந்த மாதிரி சொல்லிக் கொடுத்ததால் யாராவது சாகாமல் பிழைத்திருக்கிறார்களா?"

ஆசிரியர் ஒருவர் அவனை அதட்டி உட்கார வைக்கப் பார்த்தார். வேண்டாமென்று நான் கை காட்டினேன். அவன் குரலில் குறும்பு இல்லை.

"ஏன் தம்பி கேட்கிறாய்?" என்றேன்.

"எங்கள் அண்ணன் போன வருஷம் பைக்கில் போய் இறந்து போனான், சார். எங்கள் தெருவிலேயே அவன்தான் நன்றாக வண்டி ஓட்டுவான்."

இரவு இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு, பின்னால் இரண்டு சிநேகிதர்களை ஏற்றிக் கொண்டு திரும்பும்போது நடந்ததாம். வயது பத்தொன்பது. கையில் லைசென்ஸ் இருந்தது. பள்ளியில் படித்த நாளில் இதே போன்ற உறுதிமொழியை அவனும் எடுத்துக் கொண்டவன்தான்.

அந்தப் பையனுக்கு அன்று ஏதோ சமாதானம் சொன்னேன். அது பதில் அல்ல என்பது எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கேள்வி என்னை விடவில்லை. இதே கேள்வியை உலகத்தில் வேறு யாராவது கேட்டிருப்பார்களா? கேட்டதோடு நில்லாமல், செத்தவர்களையும் பிழைத்தவர்களையும் எண்ணிப் பார்த்திருப்பார்களா? தேடிப் பார்த்தேன். எண்ணியிருக்கிறார்கள். மோட்டார் கார் எந்த நாட்டில் முதலில் வீட்டுக்கு வீடு வந்ததோ அந்த அமெரிக்காவில்தான் இந்தக் கணக்கையும் முதலில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்லூரியைச் சுற்றி வளர்ந்த ஊர் ஆகையால் ஊருக்கே அந்தப் பெயர். அங்கே ஏமஸ் நைஹார்ட் என்ற பேராசிரியர் 1934-ஆம் ஆண்டில் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். தம் சொந்தக் காரையே அதற்குக் கொண்டு வந்தார். அந்நாளில் அமெரிக்காவில் ஆண்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் மோட்டார் விபத்தில் இறந்து கொண்டிருந்தார்கள். அப்பன் பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தால் அப்பனுடைய கெட்ட வழக்கங்களும் சேர்ந்தே போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தில் கணக்கும் இலக்கணமும் சொல்லிக் கொடுப்பது போல் இதையும் முறையாகச் சொல்லிக் கொடுத்தால் சாவு குறையும். இதுதான் எண்ணம். இதில் யார் குற்றம் காண முடியும்?

அதற்கு அடுத்த ஆண்டில் என் ஜாதிக்காரர் ஒருவரும், அதாவது எழுத்தாளர் ஒருவரும், களத்தில் இறங்கினார். ஜே. ஸி. ஃபர்னாஸ் என்பவர் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகையின் 1935 ஆகஸ்டு இதழில் திடீர் மரணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விபத்தில் மனித உடம்பு என்ன ஆகிறது என்பதை ஒளிவு மறைவு இல்லாமல் எழுதினார். அது லட்சக்கணக்கான பிரதிகளாக மறு அச்சாகி நாடெங்கும் போயிற்று. படித்தவர்கள் நடுங்கினார்கள். ஆனால் 1936-இலும் 1937-இலும் விபத்துச் சாவு ஏறியதே தவிர இறங்கவில்லை. கார்களும் பெருகின என்பது உண்மைதான். என்றாலும், பயமுறுத்தும் எழுத்தின் சக்தி எவ்வளவு என்று எண்ணி நாங்கள் மார் தட்டிக் கொள்ள அதில் இடமில்லை.

எழுத்து செய்யாததைச் சினிமா செய்யும் என்று பிறகு நம்பினார்கள். 1959-இல் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு நகரிலிருந்து 'சிக்னல் 30' என்ற படம் வெளிவந்தது. அந்த மாநிலத்து நெடுஞ்சாலைப் போலீஸார் தங்களுக்குள் உயிர்ச்சேத விபத்தைக் குறிக்க வைத்திருந்த சங்கேதச் சொல்தான் அந்தப் பெயர். நடிப்பு அல்ல, உண்மையான விபத்துகளின் உண்மையான காட்சிகள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அதைக் காட்டினார்கள். பார்க்கிற பதினாறு வயதுப் பையன் முகத்தைத் திருப்பிக் கொள்வான். வெளியே வந்த பிறகு அன்று சாயங்காலம் வரை மெதுவாக ஓட்டுவான். மறுநாள் பழைய பையன்தான். சாவு என்பது மற்றவர்களுக்கு வருகிற சமாசாரம் என்று அந்த வயதில் ஒரு திடமான நம்பிக்கை இருக்கிறது. "இளங்கன்று பயமறியாது" என்று நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லி வைத்ததை மாற்றப் படச்சுருளால் முடியவில்லை.

*

இதற்கிடையில் நைஹார்ட் தொடங்கிய வகுப்பு நாடு முழுவதும் பரவிவிட்டது. கார் வியாபாரிகள் பள்ளிகளுக்குக் கார்களை இரவலாகக் கொடுத்தார்கள். வகுப்பில் தேறிய பையனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சந்தாவில் தள்ளுபடி கொடுத்தன. 1966-ஆம் ஆண்டில் விபத்துச் சாவு ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோது அமெரிக்கக் காங்கிரஸ் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு மாநிலமும் இளைஞர்களுக்கு ஓட்டுநர் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஓர் அம்சம்.

இவ்வளவுக்கும் ஆதாரமாக ஒரு புள்ளி விவரம் இருந்தது. வகுப்பில் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டால், படித்தவர்களுக்கு விபத்துக் குறைவு. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று எல்லாரும் திருப்தி அடைந்துவிட்டார்கள்.

ஆனால் சிலர் கொஞ்சம் தலையைச் சொறிந்தார்கள். வகுப்புக்குத் தானாக வந்து சேருகிற பையன் யார்? சொன்ன பேச்சைக் கேட்கிறவன். பள்ளியில் ஒழுங்காகப் படிக்கிறவன். அப்பாவும் அம்மாவும் கண்காணிக்கிற வீட்டுப் பிள்ளை. பெண்களும் அதிகமாக வருவார்கள். இவர்கள் வகுப்பு இல்லாவிட்டாலும் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டியிருப்பார்கள். வகுப்பின் பக்கமே எட்டிப் பார்க்காத முரடன்தான் மரத்தில் போய் மோதுகிறான். அப்படியானால் விபத்தைக் குறைத்தது பாடமா, பிள்ளையின் சுபாவமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அல்லவா இருக்கிறது! 1968-இல் டானியல் பாட்ரிக் மொய்னிஹன் தலைமையில் அமைந்த அரசாங்க ஆலோசனைக் குழுவும் இந்த வகுப்புகளால் பலன் உண்டு என்பதற்குச் சரியான நிரூபணம் எங்கே என்று கேட்டது.

கனெக்டிகட் என்ற சிறு மாநிலம் தன்னை அறியாமலே ஒரு பதில் சொன்னது. 1976-இல் அந்த மாநிலம் பள்ளிகளில் நடந்த ஓட்டுநர் வகுப்புக்குக் கொடுத்து வந்த பணத்தை நிறுத்தியது. சிக்கனம்தான் நோக்கம், ஆராய்ச்சி அல்ல. பணம் நின்றதும் ஒன்பது ஊர்கள் வகுப்பையே எடுத்துவிட்டன. மற்ற ஊர்கள் தம் செலவில் தொடர்ந்து நடத்தின. லியான் ராபர்ட்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு வகை ஊர்களின் கணக்கையும் எடுத்து 1980-இல் வெளியிட்டார். வகுப்பு நின்ற ஊர்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் விபத்துகள் வெகுவாகக் குறைந்திருந்தன!

வகுப்பை நிறுத்தினால் விபத்துக் குறையுமா? இதில் மாயம் ஒன்றும் இல்லை. வகுப்பு இல்லாததால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் லைசென்ஸே வாங்காமல் பதினெட்டு வயது வரை காத்திருந்தார்கள். ஓட்டாதவன் மோதுவதில்லை. ராபர்ட்ஸன் இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1978-இல், இன்னொருவருடன் சேர்ந்து 27 மாநிலங்களின் கணக்கைப் பார்த்திருந்தார். அங்கும் இதே கதை. வகுப்பு எங்கே அதிகமோ அங்கே சிறு வயதில் லைசென்ஸ் வாங்குகிறவர்களும் அதிகம். லைசென்ஸ் வாங்கியவர்களில் சாகிறவர்களின் விகிதம் மட்டும் குறையவே இல்லை. பையனைக் காப்பாற்ற வைத்த வகுப்பு, அவனை ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு முன்னதாகவே சாலையில் கொண்டு போய் விட்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

*

வாத்தியார்கள் சும்மா இருப்பார்களா? "எங்கள் பாடத்தின் மீது குற்றம் இல்லை, பாடத்தின் அளவு போதாது. உயர்ந்த பாடம் ஒன்றைத் தயாரித்து, சரியான முறையில் சோதித்துப் பாருங்கள்" என்பது அவர்கள் கட்சி. நியாயமான பேச்சு. அதற்கு இணங்கி மத்திய அரசாங்கமே ஒரு பெரிய சோதனைக்குப் பணம் ஒதுக்கியது. 1970-களின் பிற்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரை ஒட்டிய டிகால்ப் ஜில்லாவில் அது நடந்தது.

வகுப்பில் சேர விருப்பம் தெரிவித்த ஏறத்தாழ 16,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல மூன்று கூட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு, அதுவரை அந்த நாட்டில் யாரும் கண்டிராத முழுமையான பயிற்சி. வகுப்பறையில் 32 மணி நேரம். கார் போலவே செய்த பொறியில் உட்கார்ந்து 16 மணி நேரம். தனி மைதானத்தில் 16 மணி நேரம். மோதல் வரும்போது தப்புவது எப்படி என்று 3 மணி நேரம். அதன் பிறகு நிஜச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரண்டாவது கூட்டத்துக்கு லைசென்ஸ் பரீட்சையில் தேறுவதற்கு வேண்டிய அளவு மட்டும். மூன்றாவது கூட்டத்துக்குப் பள்ளியில் ஒன்றுமே கிடையாது. வீட்டிலோ வெளியிலோ கற்றுக் கொள்ள வேண்டியதுதான்.

இந்த மூன்றாவது கூட்டத்தை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கணம் மனம் துணுக்குற்றது. உயிர் காக்கும் என்று நம்புகிற ஒன்றைத் தெரிந்தே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு மறுப்பதா? நம் வீட்டுப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் விழுந்தால் நாம் சம்மதிப்போமா? ஆனால் சீட்டுப் போட்டுப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். நல்ல பிள்ளையும் முரட்டுப் பிள்ளையும், ஏழையும் பணக்காரனும், மூன்று கூட்டத்திலும் ஒரே அளவில் கலந்திருந்தால்தான் வித்தியாசம் பாடத்தால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். உண்மையைத் தெரிந்து கொள்ளாமலே நாற்பது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கில் செலவழித்தது மட்டும் தர்மமா என்று அந்தச் சோதனைக்காரர்கள் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

1983-இல் முதல் முடிவு வந்தது. லைசென்ஸ் வாங்கிய முதல் ஆறு மாதங்களில், முழுப் பயிற்சி பெற்றவர்களுக்கு விபத்துச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இத்தனை மணி நேரப் பாடம், ஆறு மாதத்தில் கரைந்து போயிற்று.

கதை அதோடு முடியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைச் சேர்ந்த லண்ட், வில்லியம்ஸ், ஸாடோர் என்ற மூவரும் அதே கணக்கை எடுத்து வைத்துக் கொண்டு மறுபடியும் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களை மட்டும் எண்ணாமல், சீட்டில் விழுந்த அத்தனை பிள்ளைகளையும் எண்ணினார்கள். அப்படி எண்ணியபோது, முழுப் பயிற்சிக்காரர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். ஆகவே ஒன்றும் கற்றுக் கொடுக்கப்படாத மூன்றாவது கூட்டத்தைவிட அவர்களே அதிகமாக விபத்தில் சிக்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் தள்ளுபடி கொடுத்து இந்த வகுப்பை வளர்த்தவை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். அவர்களுடைய பணத்திலேயே அதன் பலவீனமும் வெளிப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கவும் முடியவில்லை. அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளை.

*

ஏன் இப்படி? கற்றுக் கொடுப்பது எப்படிக் கெடுதல் ஆகும்?

இதற்கு நார்வே நாட்டிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சாலை பனிக்கட்டியாய் இறுகிச் சறுக்கும். 1979-இல் புதிய ஓட்டுநர்கள் எல்லாரும் இரவில் ஓட்டவும், சறுக்கும் சாலையில் ஓட்டவும் கட்டாயம் பயில வேண்டும் என்று விதித்தார்கள். பல ஆண்டு கழித்து, 1988-இல், விளைவைப் பார்த்தபோது, சறுக்கல் பயிற்சிக்குப் பிறகு இளம் ஆண்கள் சறுக்கும் சாலையில் முன்னைவிட அதிகமாக விபத்துக்கு ஆளானது தெரிந்தது. காரணம் ஊகிக்க முடியாததல்ல. சறுக்கத் தெரியாதவன் பனியைக் கண்டால் பயந்து மெதுவாகப் போவான். வண்டி சறுக்கினாலும் திருப்பிவிடலாம் என்று கற்றுக் கொண்டவன் வேகமாகப் போவான். கையில் வந்த வித்தை கொஞ்சம். மனத்தில் வந்த தைரியம் அதிகம். ஸ்வீடனில் 1996-இல் வெளியான ஒரு சோதனையிலும் இதையே கண்டார்கள். வித்தையாகக் கற்றவர்களும், தங்கள் சாமர்த்தியத்துக்கு எல்லை உண்டு என்று உணர்த்தப்பட்டவர்களும், ஓட்டிக் காட்டியபோது ஒரே தரம்தான். ஆனால் வித்தையாகக் கற்றவர்கள் தங்களைச் சூரர்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

"எங்கள் தெருவிலேயே அவன்தான் நன்றாக ஓட்டுவான்" என்று அந்தப் பையன் சொன்னானே, அந்த வாக்கியம் இதைப் படித்தபோது என் காதில் மறுபடியும் ஒலித்தது.

இளைஞன் சாவது ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியாததால் அல்ல. அவன் எப்போது சாகிறான், யாரோடு போகும்போது சாகிறான் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். இரவு நேரம், குடித்த நேரம், கூடச் சிநேகிதர்கள் இருக்கும் நேரம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, பதினாறு, பதினேழு வயது ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்கிறது: தனியாகப் போகும்போது இருக்கிற மரண அபாயம், ஒருவன் ஏறினால் கூடுகிறது, இரண்டு பேர் ஏறினால் இன்னும் கூடுகிறது, மூன்று பேரோ அதற்கு மேலோ ஏறினால் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தனியே இருக்கும் பையன் வண்டி ஓட்டுகிறான். சிநேகிதர்கள் ஏறிவிட்டால் வண்டி ஓட்டுவதோடு நிற்காமல் வீரமும் காட்டுகிறான். பெண்களுக்கும் அதே வயதுதான், அதே சாலைதான். ஆனாலும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் பெண்களைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆண்கள் சாலையில் மடிகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

*

இது புரிந்த பிறகு வேறு வகையான முயற்சிகள் தொடங்கின. பையனுடைய மூளையில் எதையாவது புகுத்துவதை விட்டு, அவனைச் சுற்றியிருக்கிற அபாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது.

முதலில் மது. 1971-இல் அமெரிக்காவில் பதினெட்டு வயதில் வாக்குரிமை வந்தது. ஓட்டுப் போடுகிறவன் குடிக்கக் கூடாதா என்று பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. இளைஞர்களின் விபத்து ஏறிற்று. விழித்துக் கொண்டு 1984-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவனுக்கு மது விற்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பகுதி கிடைக்காது என்பதே அது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. பிறகு பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, வயதை இறக்கிய இடங்களில் அந்த வயதுக்காரர்களின் விபத்து ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடியதும், ஏற்றிய இடங்களில் ஏறக்குறைய 16 சதவிகிதம் குறைந்ததும் தெரிந்தது. எந்த வகுப்பும் இவ்வளவு சாதித்ததில்லை.

அடுத்தது இரவும் சிநேகிதர்களும். வட கரோலினா சர்வகலாசாலையில் வேலை பார்த்த பாட்ரிஷியா வாலர் என்ற மனோதத்துவ நிபுணர் 1970-களிலேயே ஒரு யோசனை சொன்னார். லைசென்ஸை ஒரே நாளில் முழுசாகக் கொடுக்காதீர்கள், படிப்படியாகக் கொடுங்கள். முதலில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிறகு தனியாக, ஆனால் பகலில் மட்டும். அதற்குப் பிறகு முழு உரிமை. சொந்த நாட்டில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பூமியின் மறுபக்கத்தில் இருக்கிற நியூஸிலாந்துதான் 1987 ஆகஸ்டு முதல் தேதி இத்தகைய முறையை முழுமையாகக் கொண்டு வந்தது. நடுப்படியில் இருப்பவன் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை தனியே ஓட்டக் கூடாது. பெரியவர் துணை இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது.

பலன் என்ன? பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களிடையே கார் விபத்துக் காயம் 23 சதவிகிதம் குறைந்தது. கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடையேயும் 16 சதவிகிதம் குறைந்திருக்கிறது. அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே சட்டத்தின் பங்கு ஏழு சதவிகிதம் சுமாராகத்தான் இருக்க வேண்டும். தமக்குச் சாதகமான எண்ணை மட்டும் தம்பட்டம் அடிக்காமல், பாதகமான எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வைத்த அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

வாலர் இருந்த வட கரோலினாவே 1997 டிசம்பரில்தான் அவர் யோசனையை ஏற்றது. அங்கே நடுப்படிக்காரன் இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியே ஓட்டக் கூடாது. 1996-ஆம் ஆண்டையும் 1999-ஆம் ஆண்டையும் ஒப்பிட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓட்டி, உயிர்ச்சேதத்தில் முடிந்த விபத்துகள் 57 சதவிகிதம் குறைந்திருந்தன. பகல் விபத்துகள் 20 சதவிகிதமும், தடை செய்யப்பட்ட இரவு நேர விபத்துகள் 43 சதவிகிதமும் குறைந்திருந்தன. எந்த நேரத்தைச் சட்டம் தொட்டதோ அந்த நேரத்தில் இரு மடங்குப் பலன். இதைக் காக்கையும் பனம்பழமும் என்று தள்ளிவிட முடியாது.

ஒவ்வொரு தெருமுனையிலும் போலீஸ்காரர் நின்று இதைச் சாதிக்கவில்லை. பெரும்பாலும் அப்பாவும் அம்மாவுமே சாதித்தார்கள். "ராத்திரி வண்டி கொடுக்க மாட்டேன்" என்று முன்பு சொன்ன தகப்பன் பிள்ளையின் கண்ணுக்குக் கொடுங்கோலன். "நான் என்னடா செய்யட்டும், சட்டம் அப்படி" என்று சொல்லும்போது அவன் பிள்ளையோடு சேர்ந்து சட்டத்தைத் திட்டிக் கொண்டே சாவியைப் பூட்டி வைக்கலாம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

*

இதோடு முடித்துவிட்டால் கதை சுபமாக இருக்கும். ஆனால் 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி அப்படி முடிக்க விடவில்லை. அமெரிக்கா முழுவதையும் எடுத்துக் கொண்டு பார்த்தபோது, கண்டிப்பான படிமுறைச் சட்டம் உள்ள இடங்களில் பதினாறு வயதுக்காரர்களின் உயிர்ச்சேத விபத்து 26 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆனால் பதினெட்டு வயதுக்காரர்களிடையே 12 சதவிகிதம் கூடியிருந்தது. சட்டத்துக்குப் பயந்து பதினெட்டு வரை காத்திருந்து, அனுபவம் இல்லாமலே முழு உரிமையோடு சாலைக்கு வந்தவர்கள் அவர்களில் இருக்கலாம். சில சாவுகளைச் சட்டம் தடுத்தது. சில சாவுகளைத் தள்ளிப் போட்டது.

வகுப்பை அடியோடு பழிப்பதும் சரி அல்ல. ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் 20,822 புதிய ஓட்டுநர்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றிய வகுப்பில் படித்தவர்களுக்கு விபத்துக் குறையவில்லை. ஆனால் குடி, விருந்து, சிநேகிதர்கள், ஆபத்தை விலைக்கு வாங்கும் குணம், ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வது என்று ஒரு நாள் முழுவதும் பேசிய ஒரு நிகழ்ச்சிக்குப் போனவர்களுக்கு விபத்து அபாயம் 44 சதவிகிதம் குறைவாக இருந்தது. இங்கே சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. ஆகவே பழைய சந்தேகம் ஓரளவு நிற்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த நிகழ்ச்சியில் கற்றுக் கொடுத்தது வண்டியைப் பற்றி அல்ல, சிநேகிதத்தைப் பற்றி என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, அந்தப் பையனுடைய கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அன்று சொல்லத் தெரியவில்லை, இன்று சொல்கிறேன்.

தம்பி, எங்களைப் போன்றவர்கள் மேடையில் பேசியதால் யாராவது பிழைத்தார்களா என்றால், பிழைத்ததாகக் கணக்கு இல்லை. வண்டியை இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஓட்டக் கற்றுக் கொடுத்ததால் பிழைத்ததாகவும் கணக்கு இல்லை. உன் அண்ணன் நன்றாக ஓட்டினான் என்று நீ சொன்னது பொய் அல்ல. அவன் போன்றவர்கள் எங்கேயும் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம், பின்னால் இரண்டு பேர் வேண்டாம், முதல் இரண்டு வருஷம் இப்படித்தான் என்று யாராவது தடுத்து, அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் நின்ற இடங்களில் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். எல்லாரும் அல்ல, சிலர். அந்தச் சிலர் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. தாங்கள் பிழைத்தது அவர்களுக்கே தெரியாது. இரவு வெளியே போக முடியவில்லையே என்று அப்பாவைத் திட்டிக் கொண்டு தூங்கியிருப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு நடுப்படி இல்லை. பழகுகிறவனுக்கு ஒரு உரிமம். அப்புறம் முழு உரிமம். பதினெட்டு வயதில் பரீட்சை தேறிய அன்றைக்கே நள்ளிரவில் ஒரு சிநேகிதனை ஏற்றிக் கொண்டு நெடுஞ்சாலையில் போகலாம். அதுவரை சட்டம் செய்ய வேண்டியதை வீடுதான் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த ஜனவரியிலும் யாராவது பேசக் கூப்பிடுவார்கள். போவதாகத்தான் இருக்கிறேன். ஆனால் பையன்களோடு அவர்களுடைய அப்பா அம்மாவையும் வரச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடப் போகிறேன். குட்டிக் கதைகள் வேண்டாம். வண்டிச் சாவியை ராத்திரி எங்கே வைக்கிறீர்கள் என்று அவர்களைத்தான் கேட்கப் போகிறேன்.